பழைய குவாலிஸின் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் வேலையை வீட்டிலேயே செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொயோட்டா குவாலிஸ் இந்தியாவில் 2000 முதல் 2005 வரை விற்பனையில் இருந்தது. கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. என் வண்டி 2003 மாடல், பொள்ளாச்சியில் ஓடுகிறது. அதன் முன்பக்க ஜாயிண்ட்டுகள் (மூட்டுகள்), புஷ்கள் (ரப்பர் வைத்த உருளைகள்), நாலு ஷாக் (துள்ளலை அடக்கும் பாகம்), பின் பட்டைகளின் (இரும்பு இலைகளை அடுக்கிய ஸ்பிரிங்) புஷ் எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றி முடித்தேன். அதற்குப் பிறகு நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

குவாலிஸில் அடியில் என்னதான் இருக்கிறது?

முன்னால் இரண்டு பக்கமும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை போன்ற மேல் ஆர்ம், கீழ் ஆர்ம். ஸ்பிரிங் வேலையைச் செய்வது சேஸிஸுக்கு இணையாக நீளவாக்கில் ஓடும் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. பின்னால் ஒரே அச்சு, இரண்டு பட்டை செட். ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பல் வழியாகப் பக்கவாட்டுத் தள்ளலாக மாற்றும் பெட்டி) வலது பக்கம். அதிலிருந்து பிட்மேன் ஆர்ம் நடுக் கம்பியைத் தள்ளும். நடுக் கம்பியின் இடது முனையை ஐட்லர் ஆர்ம் தாங்கும். அங்கிருந்து டை ராட்கள் சக்கரங்களுக்குப் போகும்.

இந்த அமைப்பில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு மூட்டும் தனித்தனி உதிரி பாகம். எது தேய்ந்ததோ அதை மட்டும் கழற்றி மாற்றலாம். மூட்டுகள் நிறைய என்பதுதான் குறையும். ஒவ்வொன்றிலும் கால் மில்லிமீட்டர் ஆட்டம் வந்தால்கூட எல்லாம் சேர்ந்து ஸ்டீயரிங் வீலில் இரண்டு விரல் அளவுக்கு வந்து நிற்கும்.

ஸ்டீயரிங் லூஸாக இருக்கிறது. முதலில் எதை மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள். முதலில் டயரைப் பாருங்கள். நாலிலும் காற்று சரியாக இருக்கிறதா? காற்று குறைந்த முன் டயர் ஒன்று இருந்தாலே வண்டி அலைபாயும். அப்புறம் டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் கோணமோ (சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு) பால் ஜாயிண்ட்டோ (ஆர்ம்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் குண்டு மூட்டு) காரணமாக இருக்கலாம். ஒரு திசையில் தடவும்போது வழுவழு, எதிர்த்திசையில் ரம்பம் போல இருந்தால் டோ அளவு (முன் சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு) தப்பியிருக்கிறது. அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் போய்விட்டது, அல்லது பேலன்ஸிங் இல்லை. இரண்டு ஓரமும் சேர்ந்து தேய்ந்திருந்தால் நெடுநாளாகக் காற்று குறைவாக ஓடியிருக்கிறது.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும், சுமார் 80 கி.மீ.க்கு மேல், ஸ்டீயரிங் அதிர்கிறது என்றால் முதலில் பேலன்ஸிங் போட்டுப் பாருங்கள். இதற்காகவே டை ராட் எண்ட் (டை ராடின் முனை மூட்டு) செட் முழுக்க மாற்றிவிட்டு, அதிர்வு போகவில்லை என்று வந்தவர்கள் உண்டு.

ஆட்டம் எந்த மூட்டில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். இதற்கு ஆள் இரண்டு பேர் வேண்டும், கருவி எதுவும் வேண்டாம்.

வண்டி சமதரையில் நாலு சக்கரத்திலும் நிற்க வேண்டும். இன்ஜின் ஆஃப், கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கி வேண்டாம். குவாலிஸுக்கு அடியில் படுத்துக் கைவிட்டுப் பார்க்க இடம் இருக்கிறது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம் என்று விடாமல் ஆட்ட வேண்டும். சக்கரம் திரும்பக் கூடாது, லேசாகத் திணற மட்டும் வேண்டும். மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின்மேலும், பாதி விரல் ஒரு பாகத்திலும் மீதி அடுத்த பாகத்திலும் படும்படி கையை வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரியும். "டக்" என்று ஒரு தட்டு. அதுதான் இடம்.

ஸ்டீயரிங் ராடில் இருந்தே வரிசையாகப் போங்கள். ராடின் கப்ளிங், பாக்ஸுக்குள் போகும் தண்டும் வெளியே வரும் தண்டும், பிட்மேன் ஆர்ம், நடுக் கம்பியின் இரு முனை, ஐட்லர் ஆர்ம், பிறகு டை ராட் எண்ட் ஒவ்வொன்றாக. பாக்ஸ் சேஸிஸில் பதிந்திருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். போல்ட் தளர்ந்து பாக்ஸே அசைந்தால், அது தேய்ந்த பாக்ஸ் போலவே தெரியும்.

இந்தச் சோதனைக்குப் பிறகுதான் முன் சக்கரத்தைத் தூக்க வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கடிகாரம் என்று நினைத்துக்கொண்டு 12 மணி, 6 மணி இடங்களைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். பிறகு 3 மணி, 9 மணி. அதில் மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் பக்கம்.

பால் ஜாயிண்ட்டைச் சோதிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. ஸ்பிரிங்கின் அழுத்தம் அதன்மேல் இருக்கும்வரை தேய்ந்த ஜாயிண்ட்டும் இறுக்கமாகவே தெரியும். அதனால் இரண்டு முறை பார்க்க வேண்டும்: ஒரு முறை சேஸிஸில் தாங்கி ஆர்ம் தொங்கும் நிலையில், இன்னொரு முறை கீழ் ஆர்ம்மை ஜாக்கியால் லேசாகத் தூக்கிய நிலையில். இரண்டில் ஒன்றில் அழுத்தம் விலகும், ஆட்டம் வெளியே வரும்.

ஸ்டீயரிங் பாக்ஸில் இருக்கும் ஸ்க்ரூவை இறுக்கினால் ப்ளே (ஆட்டம்) போய்விடுமாமே?

இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. என் வண்டியில் ப்ளே இருக்கிறது என்று ஒரு பட்டறையில் விட்டேன். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது என்றார்கள். ஊருக்குள் ஓட்டியபோது ஸ்டீயரிங் கச்சிதமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினோம். நாற்பது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. இரண்டாவது வளைவிலேயே தெரிந்துவிட்டது. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கையால் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. பின்னால் குழந்தைகள். வண்டியை ஓரம் கட்டி, மெதுவாகத் திருப்பிக்கொண்டு இறங்கி வந்தோம்.

நடந்தது இதுதான். பாக்ஸின் மேல் ஒரு ஸ்க்ரூவும் அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். உள்ளே உள்ள பல் இரண்டும் எவ்வளவு நெருக்கமாகக் கடிக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். என் வண்டியில் உண்மையான ஆட்டம் ஐட்லர் ஆர்ம்மில் இருந்தது. அதைத் தேடாமல் ஸ்க்ரூவை இறுக்கியதால் பல்லின் நெருக்கம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. வண்டி நேராகப் போகும்போது பல் எங்கே கடிக்கிறதோ அங்கேதான் பிடிப்பு அதிகம், தேய்மானமும் அங்கேதான் சீக்கிரம் வரும். ஐட்லரை மாற்றி, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் எல்லாம் சரியானது.

ஆகவே, வெளியே உள்ள எல்லா மூட்டிலும் ஆட்டம் இல்லை என்று உறுதியான பிறகுதான் பாக்ஸ் பக்கம் போக வேண்டும். அப்போதும் அதை பாக்ஸ் வேலை தெரிந்த ஆள் கையில் கொடுங்கள்.

வண்டியை எதில் தூக்கி நிறுத்துவது?

வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். இந்த வேலைக்கு ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றும், 3 டன் தாங்கும் ஸ்டாண்ட் இரண்டும் வேண்டும். ஜாக்கி தூக்க, ஸ்டாண்ட் தாங்க. ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் ஒன்று விட்டால் வண்டி சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஹாலோ பிளாக், செங்கல் எதையும் முட்டாக வைக்கவே கூடாது, அது எச்சரிக்கை தராமல் நொறுங்கும். மண் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். கழற்றிய சக்கரத்தை சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஸ்டாண்டில் நிறுத்தியதும், படுப்பதற்கு முன், வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். வீட்டில் யாருமில்லாத நேரத்தில் அடியில் போகாதீர்கள்.

வேறு என்ன கருவி வேண்டும்?

ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட், நீளமான பார், ஒரு கிலோ சுத்தியல் இரண்டு, பால் ஜாயிண்ட் புல்லர், கிரீஸ் கன், கம்பி பிரஷ், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்குச் சரியாக இறுக்க உதவும் ஸ்பேனர்). துருவை இளக்கும் எண்ணெயை வேலைக்கு முந்தின நாள் சாயங்காலமே ஒரு முறை, காலையில் மறுபடி ஒரு முறை எல்லா நட்டிலும் அடித்து வைத்தால் பாதி சிரமம் குறையும். டார்க் ரெஞ்ச் வாங்க யோசிக்கிறார்கள். ஸ்டீயரிங் வேலையில் அதை மட்டும் தவிர்க்காதீர்கள். இறுக்க வேண்டிய அளவுகளை சர்வீஸ் மேனுவலில் பார்த்து ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டை ராட் எண்ட் வரமாட்டேன் என்கிறது. எப்படிக் கழற்றுவது?

முதலில் பழைய எண்ட் எங்கே நிற்கிறது என்று பெயின்ட்டால் கோடு போடுங்கள். கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். புதியதை அதே சுற்றில் ஏற்றினால் அலைன்மென்ட் கடை வரை வண்டி ஒழுங்காகப் போகும். ஒரு முனை இடது மரை, மறு முனை வலது மரை என்று இருக்கும். கழலாத முனையைப் பலம் கொண்டு திருகுவதற்கு முன் மரை எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

ஸ்பிலிட் பின்னை (நட்டு கழலாமல் பூட்டும் கம்பி) எடுத்து, நட்டைத் தளர்த்தி, முழுக்கக் கழற்றாமல் இரண்டு மரையில் விட்டுவிடுங்கள். புல்லரைப் போட்டு இறுக்கி, நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) காது போன்ற வளையத்தில் பக்கவாட்டில் சுத்தியலால் ஒரே ஒரு பலமான அடி. தண்டின் தலையில் அடிக்காதீர்கள், மரை நசுங்கிவிடும். புல்லர் இல்லையென்றால் வளையத்தின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தாலும் விட்டுக்கொடுக்கும்.

மாட்டும்போது கூம்பு வடிவத் தண்டும் துளையும் சுத்தமாக, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே கிரீஸ் தடவக் கூடாது. சரியான அளவுக்கு இறுக்கிய பிறகு ஸ்பிலிட் பின் துளை நேராக வரவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். நட்டைத் தளர்த்தி நேராக்குவது தவறு. ஸ்பிலிட் பின் எப்போதும் புதியது. பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள்.

ஐட்லர் ஆர்ம் ஏன் அடிக்கடி பேச்சில் வருகிறது?

அது ஒரு தாங்கி மட்டும்தான் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. நடுக் கம்பியை ஐட்லர் பக்கம் பிடித்து மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். நன்றாகத் தெரியும்படி அசைந்தால் மாற்ற வேண்டியதுதான். கம்பி மேலே கீழே போகும்போதெல்லாம் இடது சக்கரத்தின் டோ மாறும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாக ஒரு பக்கம் நகர்வது இதனால்தான். மாற்றுவது எளிது: சேஸிஸில் சில போல்ட், நடுக் கம்பியில் ஒரு நட்டு. நான் செய்த எல்லாவற்றிலும் குறைந்த வேலைக்கு அதிகப் பலன் கிடைத்தது இதில்தான்.

பால் ஜாயிண்ட்டை வீட்டில் மாற்றலாமா?

போல்ட்டில் மாட்டியிருப்பதை மாற்றலாம். ஆர்ம்முக்குள் பிரஸ் செய்து ஏற்றியிருப்பது என்றால், ஆர்ம்மைக் கழற்றி பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கு எடுத்துப்போங்கள். கழற்றும் முன் கீழ் ஆர்ம்முக்கு அடியில் ஜாக்கி கட்டாயம். ஸ்பிரிங் அழுத்தத்தோடு ஜாயிண்ட்டை விடுவித்தால் ஆர்ம் பாய்ந்து இறங்கும்.

ரப்பர் மூடி கிழிந்த ஜாயிண்ட்டில் ஆட்டம் இல்லையென்றாலும் மாற்றிவிடுங்கள். தண்ணீரும் மணலும் உள்ளே போயாயிற்று, இனி அது மாதக்கணக்குத்தான். கிரீஸ் நிப்பிள் இருக்கும் ஜாயிண்ட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிரீஸ் அடிக்கும்போது ரப்பர் லேசாக உப்பியதும் நிறுத்திவிட வேண்டும்.

டார்ஷன் பாரைத் தொட வேண்டி வந்தால்?

அதன் சரிசெய் போல்ட் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று அளந்து எழுதுங்கள். பாருக்கும் அதன் பிடிக்கும் சேர்த்து ஒரே கோடாக பெயின்ட் அடையாளம் போடுங்கள். சக்கரம் தொங்கும் நிலையில்தான் தளர்த்த வேண்டும். இடது பார், வலது பார் வேறு வேறு. முனையில் குறியிருக்கும், மாற்றிப் போடக் கூடாது. பாரின் மேல் ஸ்பேனரோ சுத்தியலோ பட்டுக் கீறல் விழாமல் பாருங்கள், அங்கிருந்து விரிசல் தொடங்கும்.

முன்பக்கம் தாழ்ந்த வண்டியை இந்த போல்ட்டை இறுக்கி உயர்த்தலாம் என்பது உண்மை. ஆனால் பழைய உயரத்துக்கு மேல் போகாதீர்கள். பெரிய ஜீப் போலத் தூக்கி நிறுத்தினால் ஆர்ம்மின் கோணம் மாறி, பால் ஜாயிண்ட்டும் டயரும் சீக்கிரம் போகும்.

புஷ் புதிதாகப் போட்டேன், ஆறு மாதத்தில் கிழிந்துவிட்டது. மட்டமான பொருளா?

இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் இறுக்கிய முறைதான் காரணம். கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆர்ம் புஷ்ஷில் வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது புஷ் சுழல்வதில்லை, ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. போல்ட்டை இறுக்கும் கணத்தில் ஆர்ம் எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் இன்னும் முறுக்கும். கிழியாமல் என்ன செய்யும்?

அதனால் போல்ட்டுகளைக் கையளவுக்கு மட்டும் மாட்டி, சக்கரத்தைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, அந்த நிலையில் படுத்துத்தான் கடைசி இறுக்கம். ரப்பர் புஷ்ஷாக இருந்தால் பட்டையின் போல்ட்டுகளுக்கும் இதே முறைதான். பட்டறைகளில் நேரமில்லாமல் இதை விட்டுவிடுகிறார்கள். வீட்டில் செய்யும் நமக்கு நேரம் இருக்கிறது.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்றும் கேட்கிறார்கள். நெடுநாள் உழைக்கும், ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளே தெரியும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். குடும்ப வண்டிக்கு நல்ல ரப்பர் போதும்.

ஷாக் போனால் வண்டி தாழ்ந்துபோகுமா?

போகாது. உயரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், துள்ளலை அடக்குவது ஷாக். வண்டி தாழ்ந்திருக்கிறது என்று ஷாக்கை மாற்றினால் பணம்தான் போகும். எண்ணெய் வழிந்து புழுதி ஒட்டியிருந்தாலும், வேகத்தடை தாண்டி இரண்டு மூன்று முறை ஆடினாலும் மாற்றுங்கள். ஒரே பக்கம் போயிருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ஷாக்கோடு உள்ள ரப்பர் வாஷர்களைத் திரும்பப் போடாதீர்கள்.

சின்னப் பள்ளத்தில் "கடக் கடக்" என்று சத்தம் வந்தால், ஷாக்கைக் குறை சொல்லும் முன் ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க்கையும் ரப்பரையும் பாருங்கள். விலை குறைவு, சத்தம் அதிகம்.

பின் பட்டையை என்ன செய்வது?

ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் பாகம்) புஷ்களை வீட்டிலேயே மாற்றலாம். துருப்பிடித்த ஷாக்கிள் தண்டு வெளியே வர ஒரு முழுக் காலை வேளை ஆகும், பொறுமை வேண்டும். பட்டை வளைவு இழந்திருந்தால், அல்லது ஒரு இலை ஒடிந்திருந்தால், செட்டைக் கழற்றி பட்டை அடிக்கும் பட்டறையில் கொடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு அடித்து வாங்க வேண்டும். கூடுதலாக ஒரு இலை சேர்க்கச் சொல்வார்கள். எப்போதும் முழுச் சுமையோடு ஓடும் வண்டிக்கு அது சரி. நாலு பேர் போகும் வண்டியில் பின்பக்கம் தூக்கிப் போடும், மழையில் வளைவில் பின் சக்கரம் வழுக்கும். நான் சேர்க்கவில்லை.

பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டும் யு-போல்ட் புதியது போடுங்கள். 500 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கம் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் விட்டிருக்கும்.

பவர் ஸ்டீயரிங் ஆயிலை மாற்ற வேண்டுமா?

கருத்திருந்தால் மாற்றுங்கள். இதில் டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) போகும், சிவப்பு நிறம். டேங்கில் இருப்பதை சிரிஞ்சால் உறிஞ்சி, புதியதை ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி உறிஞ்சி ஊற்றினால் இரண்டு மூன்று தடவையில் பெரும்பகுதி மாறிவிடும். காற்றை வெளியேற்ற முன் சக்கரங்களைத் தூக்கி, இன்ஜின் ஆஃபில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகப் பலமுறை திருப்புங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள், ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டே. முழுக்கத் திருப்பிய நிலையில் சில நொடிக்கு மேல் பிடித்து வைத்தால் பம்ப் சூடாகிக் கெடும்.

உதிரி பாகம் எங்கே, என்ன வாங்குவது?

இந்த வண்டி எக்கச்சக்கமாக ஓடியதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னை என்றால் ஜி.பி. ரோடு. புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் கிடைக்கும். கதவு, விளக்கு, ஏன் ஐட்லர் பிராக்கெட்கூட அங்கே வாங்கலாம். ஆனால் பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் போன்ற தேயும் பாகத்தைப் பழையதாக வாங்கக் கூடாது. புதியதில் டொயோட்டா ஒரிஜினல், அல்லது ராணே, கேப்ரியல் போல வாகன நிறுவனங்களுக்கே பாகம் செய்து கொடுக்கும் பெயர்களாகப் பாருங்கள். பெட்டியில் மட்டும் பெயர் இருந்து பாகத்தில் முத்திரை இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாலு டயரின் விலையோடு ஒப்பிட்டால் ஸ்டீயரிங் மூட்டுகள் முழு செட்டும் குறைவாகத்தான் வரும்.

எதை வீட்டில் செய்யவே கூடாது?

வளைந்த டை ராடைச் சூடாக்கி நிமிர்த்துவது, ஸ்டீயரிங் பாகத்தில் வெல்டிங் வைப்பது இரண்டையும் பட்டறையிலும் செய்யக் கூடாது. புதியதுதான் போட வேண்டும். பாக்ஸைப் பிரிப்பதும், பிரஸ் வேலையும் வெளியே. முன்னால் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் ஸ்பிரிங்கைக் கழற்றுவதும் அப்படித்தான். சரியான கம்ப்ரஸர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

வேலை முடிந்தது. உடனே மலைக்குப் போகலாமா?

முதலில் தெருவில் மெதுவாக. ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் தடையில்லாமல் போய்த் தானாக நேருக்கு வருகிறதா, பிரேக் அடித்தால் நேராக நிற்கிறதா பாருங்கள். அடுத்து நேராக அலைன்மென்ட் கடை. டை ராடோ, பால் ஜாயிண்ட்டோ, ஆர்ம் புஷ்ஷோ கழற்றிய வண்டிக்கு இது கட்டாயம். உயரத்தைச் சரிசெய்த பிறகுதான் அலைன்மென்ட் செய்ய வேண்டும், முன்னால் செய்தால் வீண். அளவுத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும், எப்போது எது மாற்றியது என்ற குறிப்பு கையில் இருந்தால் எதைச் சோதிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

500 கி.மீ. ஆனதும் ஒரு ஞாயிறு காலை மறுபடி அடியில் படுத்து எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் அப்படிப் பார்த்தபோது இரண்டு யு-போல்ட்டும், இடது மேல் ஆர்ம்மின் ஒரு போல்ட்டும் கால் சுற்று எடுத்தன. அதை முடித்துவிட்டு, அன்று மதியமே மறுபடி வால்பாறை ஏறினோம்.